உள்ளரங்கச் சுடுதளங்களில் செவிக்காப்பு

உள்ளரங்கச் சுடுதளங்களில் செவிக்காப்பு என்பது, கூரையும் சுவர்களும் கொண்ட துப்பாக்கி சுடும் தளங்களில் வெடியோசையால் செவித்திறன் கெடாமல் இருக்க அணியப்படும் கருவிகளையும், அவற்றைத் தேர்ந்தெடுத்து அணியும் முறையையும் குறிக்கும். காதுத் துளைக்குள் செருகப்படும் காதடைப்பான், காது முழுவதையும் மேலிருந்து மூடும் காதுமூடி ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. கடைகளில் இவை இயர் பிளக், இயர் மஃப் என்ற பெயர்களிலேயே கிடைக்கின்றன. உள்ளரங்கில் இவ்விரண்டையும் ஒருசேர அணியும் இரட்டைக் காப்பு முறையை அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனம் (நியோஷ்) 2009-இல் வெளியிட்ட எச்சரிக்கை ஆவணத்தில் பரிந்துரைத்தது. உள்ளரங்கச் சுடுதளங்களில் ஈயத் தூசியும் இரைச்சலும் விளைவிக்கும் தீங்குகளைப் பற்றியது அந்த ஆவணம்.

துப்பாக்கி ஓசையின் அளவு

ஒலியின் அழுத்த அளவு டெசிபெல்லில் குறிக்கப்படுகிறது. இது மடக்கை அளவுகோல் என்பதால் எண்களின் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் உண்மை வேறுபாடு பெரிது. 20 டெசிபெல் கூடினால் ஒலியழுத்தம் 10 மடங்காகிறது. ஒலியின் ஆற்றல் 100 மடங்காகிறது. 140 டெசிபெல் என்பது 200 பாஸ்கல் அழுத்தம். 160 டெசிபெல் என்பது 2,000 பாஸ்கல்.

பாயிண்ட் 22 ரைஃபிளின் உச்ச ஒலி, சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 140 டெசிபெல்லை எட்டுகிறது. இந்தியாவில் தேசிய மாணவர் படை மாணவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்துவதும் இந்த வகை ரைஃபிளே. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி 160 டெசிபெல் அளவிலும், மேக்னம் வகைக் கைத்துப்பாக்கிகளும் பெரிய ரைஃபிள்களும் அதற்கு மேலும் ஒலிக்கின்றன. குழலின் முனையில் பின்னதிர்வைக் குறைக்கும் துளைக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், வாயுக்கள் பக்கவாட்டில் திருப்பப்படுவதால் அடுத்த தடத்தில் நிற்பவருக்கு ஓசை இன்னும் கடுமையாகிறது.

காப்பில்லாத காது எந்த நேரத்திலும் 140 டெசிபெல் உச்ச அளவைத் தாண்டிய ஒலிக்கு ஆளாகக் கூடாது என்பது பல நாடுகளின் தொழிற்பாதுகாப்பு விதிகளில் காணப்படும் வரம்பு ஆகும். தொடர்ச்சியான இரைச்சலுக்கு நியோஷ் வகுத்துள்ள வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறைகிறது. இவ்விரு வரம்புகளும் வெவ்வேறு தன்மையுடையவை. ஆலை இரைச்சலில் நேரம்தான் கணக்கு. துப்பாக்கியில் ஒரே ஒரு வெடி போதும்.

கைப்பேசியில் கிடைக்கும் ஒலியளவுச் செயலிகளைக் கொண்டு சுடுதளத்தின் ஓசையை அளக்க முயல்வோர் உண்டு. அவை காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. கைப்பேசியின் ஒலிவாங்கி இவ்வளவு பெரிய அழுத்தத்தைப் பதியும் திறனற்றது. சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும் துடிப்பைப் பிடிக்கும் வேகமும் அதற்கு இல்லை. உச்ச அளவைத் தவறவிட்டு 110 அல்லது 115 என்று அது காட்டும்போது, ஓசை அவ்வளவு மோசமில்லை என்ற தவறான நம்பிக்கைதான் ஏற்படும்.

உள்ளரங்கின் தன்மை

திறந்தவெளியில் சுடும்போது வெடியோசையின் பெரும்பகுதி காற்றில் கலைந்து போகிறது. காங்கிரீட் சுவர், எஃகுத் தடுப்பு, தாழ்வான கூரை ஆகியவற்றுக்கு நடுவே சுடும்போது அதே ஓசை பலமுறை எதிரொலித்து, நேரடி அலையைத் தொடர்ந்து மீண்டும் மீண்டும் காதை வந்தடைகிறது. உச்ச அளவு பெரிதாகக் கூடாவிட்டாலும் காது பெறும் மொத்த ஆற்றல் கூடுகிறது. சுவர்களிலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதிக்கப்பட்ட தளங்கள் இவ்வகையில் மேலானவை. ஆயினும் அவை எதிரொலியைத்தான் குறைக்கின்றன. துப்பாக்கியிலிருந்து காதுக்கு நேராக வரும் முதல் அலையை அல்ல.

இன்னொரு வேறுபாடு, பக்கத்துத் தடங்கள். தன் துப்பாக்கியை எப்போது சுடப்போகிறோம் என்பது சுடுபவருக்குத் தெரியும். அடுத்தவர் எப்போது சுடுவார் என்பது தெரியாது. பயிற்றுநர் சொல்வதைக் கேட்பதற்காகக் காதுமூடியின் ஒரு பக்கத்தை மாணவர் சற்றே தூக்கும் அந்த நொடியில் அடுத்த தடத்தில் வெடி கிளம்பலாம். புதிதாகப் பயில்வோர் காப்பின்றி வெடியோசைக்கு ஆளாகும் வழிகளில் இது முக்கியமானது. இதைத் தவிர்க்கும் எளிய வழியும் இரட்டைக் காப்புதான்: மேலுள்ள மூடியைத் தூக்கினாலும் உள்ளே அடைப்பான் இருக்கும்.

காதினுள் நடப்பது

செவிப்பறையும் நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளும் கடத்தும் அதிர்வை, நத்தை வடிவச் சுருளான காக்ளியாவில் உள்ள மயிர்க்கலங்கள் நரம்புத் துடிப்புகளாக மாற்றுகின்றன. ஒரு காதில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்களும் 12,000 வெளி மயிர்க்கலங்களும் உள்ளன. பறவைகளிலும் மீன்களிலும் இவை மீண்டும் வளர்கின்றன. மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில் ஒருமுறை அழிந்தவை அழிந்தவையே.

பேரொலி கேட்டவுடன் நடுக்காதின் தசை சுருங்கி ஒலிக்கடத்தலைக் குறைக்கும் இயல்பான அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே பல பத்து மில்லிநொடிகள் ஆகின்றன. வெடியோசையின் உச்சம் அதற்குள் கடந்துவிடுகிறது. உடல் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இந்த ஓசையைப் பொறுத்தவரை செல்லாது.

பாதிப்பு முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் தோன்றுகிறது. செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்சை ஒட்டி ஒரு பள்ளம் போல அது பதிவாகும். அன்றாடப் பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் பாதிக்கப்பட்டவர் அதை நெடுங்காலம் உணர்வதில்லை. முதலில் மங்குவன ச, த, ஃப போன்ற மெல்லிய உயர் ஒலிகள். கல்யாண மண்டபம், உணவகம் போன்ற இரைச்சலான இடங்களில் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது, சொல் விளங்குவதில்லை. இதனுடன் காதிரைச்சல் என்னும் ஓயாத ரீங்காரமும் சேர்ந்துகொள்ளலாம். அதை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

வலத்தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவருக்குப் பெரும்பாலும் இடக்காதே கூடுதலாகக் கெடுகிறது. குழலின் முனை இடக்காதை நோக்கியபடி இருக்க, வலக்காது தலையின் நிழலில் மறைந்திருப்பதே காரணம். கைத்துப்பாக்கியை இரு கைகளால் நேராக நீட்டிச் சுடுவோரிடம் இந்த வேறுபாடு குறைவு.

சுட்டு முடித்தபின் காது அடைத்தாற்போல் இருந்து மறுநாள் சரியாகிவிடுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகியோர் 2009-இல் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், கேட்கும் அளவு முழுவதும் மீண்ட பிறகும் மயிர்க்கலங்களுக்கும் செவிநரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்தது தெரியவந்தது. காது தெளிந்துவிட்டது என்பதால் சேதம் நேரவில்லை என்று ஆகிவிடாது.

காதடைப்பான்கள்

மென்நுரைக் காதடைப்பான் மிக மலிவானது. சரியாக அணிந்தால் மிகுந்த காப்புத் தருவதும் அதுவே. விரல்களால் உருட்டி மெல்லிய உருளையாக்கிக் காதுத் துளைக்குள் செருகினால் மெல்ல விரிந்து துளையை அடைக்கிறது. அமெரிக்காவில் 1960-களின் இறுதியில், ஆற்றலை உறிஞ்சும் பிசின் வகைகளை ஆராய்ந்தபோது கிடைத்த பொருள் இதற்கு மூலம். மஞ்சள் நிற உருளைகளாக 1970-களில் விற்பனைக்கு வந்தது.

இதன் குறை, அணிவதில் நேரும் பிழை. உருட்டும்போது மடிப்பு விழாமல் இறுக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த துளை நேராகிறது. அப்போது அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 20 முதல் 30 நொடிகள் விரல் நுனியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். விரியும் நுரை தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்வதால் துளையின் வாயில் மட்டும் ஒரு மூடிபோல நின்றுவிடுகிறது. நேர் எதிரே நிற்பவருக்கு அடைப்பானின் பெரும்பகுதி காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை. அணிந்தபின் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தி எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை: பொத்தும்போது சுற்றுப்புற ஓசை நன்றாகக் குறைந்தால் அடைப்பானில் கசிவு இருக்கிறது. தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆழ்ந்து கேட்பது சரியாக அடைந்ததற்கு அடையாளம்.

உள்ளரங்கில் இதற்கு இன்னொரு நுட்பமும் உண்டு. வெடிமருந்திலிருந்தும் குண்டிலிருந்தும் கிளம்பும் ஈயத் தூசி சுடுபவரின் கைகளில் படிகிறது. அந்தக் கையால் நுரையை உருட்டிக் காதில் வைப்பது விரும்பத்தக்கதல்ல. தளத்துக்குள் நுழையும் முன்பே, கழுவிய கையால் அடைப்பானை அணிந்துகொள்வது இரு வகையிலும் நல்லது.

முன்வடிவமைத்த அடைப்பான்கள் சிலிக்கோன் அல்லது ரப்பரால் ஆனவை; இரண்டு மூன்று விளிம்பு அடுக்குகள் கொண்டவை. உருட்ட வேண்டியதில்லை, கழுவிப் பயன்படுத்தலாம். காதின் அளவுக்குப் பொருந்தினால்தான் பயன். காதின் அச்சை எடுத்துச் செய்யப்படும் தனிப்பயன் அடைப்பான்கள் நெடுநேரம் அணிய வசதியானவை. விலை கூடியவை என்பதால் அவை நுரையைவிட மிகுந்த காப்புத் தரும் என்று பொருளல்ல. நன்றாக அணிந்த நுரை பல வேளைகளில் அவற்றை மிஞ்சுகிறது. பஞ்சு, காகிதக் கைக்குட்டை, காலித் தோட்டா உறை ஆகியவற்றைக் காதில் செருகிக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் காணப்படுகிறது. இவற்றால் காப்பு ஏறத்தாழ இல்லை. தோட்டா உறை துளைக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இசை கேட்கப் பயன்படும் இரைச்சல் நீக்கும் ஒலிபெருக்கிச் செவிகள் செவிக்காப்பு ஆகா. அவை விமான எஞ்சின் போன்ற நிலையான தாழ் அதிர்வெண் இரைச்சலை எதிரலை உருவாக்கித் தணிப்பவை. திடீரென எழும் வெடிக்கு எதிரலை தயாரிக்க அவற்றுக்கு நேரமில்லை.

காதுமூடிகள்

காதுமூடி அணிவது எளிது, பிழை நேர வாய்ப்பு குறைவு. அணிந்திருக்கிறாரா இல்லையா என்பதைத் தள அலுவலர் தொலைவிலிருந்தே காணலாம். அடைப்பான் விஷயத்தில் அது கடினம். வாடகைக்குத் துப்பாக்கி தரும் உள்ளரங்கத் தளங்கள் பெரும்பாலும் காதுமூடியையே கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

மூடியின் காப்பு முழுவதும் அதன் மெத்தை விளிம்பு தோலோடு இடைவெளியின்றி ஒட்டியிருப்பதைப் பொறுத்தது. சுடுதளத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்பதால், கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தைக்கு அடியில் சென்று இடைவெளி உண்டாக்குவது இங்கு எப்போதும் உள்ள சிக்கல். மெல்லிய, தட்டையான காம்புள்ள கண்ணாடியும், நுரைக்குப் பதிலாகக் கூழ்மம் நிரப்பிய மெத்தையும் இதற்குத் தீர்வு. நீண்ட கூந்தல், தொப்பியின் விளிம்பு, பெரிய காதணி, தடித்த தாடி ஆகியவையும் இதேபோல் கசிவு உண்டாக்கும். ரைஃபிள் சுடுவோர் கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது பருத்த கிண்ணம் கட்டையில் இடித்து விலகுகிறது. அடிப்பக்கம் ஒடுங்கிய மெல்லிய கிண்ணங்கள் இதற்கென விற்கப்படுகின்றன. கிண்ணம் மெலியும்போது காப்பும் சற்றுக் குறைகிறது என்பதால், ரைஃபிள் சுடுபவர் உள்ளே அடைப்பானையும் அணிவது மேலும் தேவையாகிறது.

மின்னணுக் காதுமூடிகளில் வெளியே ஒலிவாங்கியும் உள்ளே சிறு ஒலிபெருக்கியும் இருக்கும். பேச்சு போன்ற மெல்லிய ஒலிகளை உள்ளே கடத்தும் இவை, பெரிய ஒலி எழும்போது கடத்துவதை நிறுத்தும் அல்லது சுமார் 82 டெசிபெல்லுக்குள் கட்டுப்படுத்தும். ஆணைகளைக் கேட்க மூடியைத் தூக்க வேண்டியதில்லை என்பது இவற்றின் பெரும் பயன். ஆனால் மின்னணுப் பகுதி வெடியோசையைத் தடுப்பதில்லை. தடுப்பது கிண்ணமும் மெத்தையும்தான். விலை உயர்ந்த மின்னணு மூடி என்றாலும் அதன் கிண்ணம் மெலிதாக இருந்தால் காப்புக் குறைவாகவே இருக்கும். விளம்பரத்தில் ஒலித்தெளிவைப் பற்றிப் பெரிய எழுத்தில் இருக்கும், காப்பு எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதன் அடியில் நுரை அடைப்பானை அணிந்து, ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டால் இரட்டைக் காப்புடன் பேச்சும் ஓரளவு கேட்கும். அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பலர் கைக்கொள்ளும் முறை இது.

பெட்டியில் அச்சிடப்பட்ட எண்

அமெரிக்காவில் விற்கப்படும் செவிக்காப்புக் கருவிகளின் பெட்டியில் என்.ஆர்.ஆர். எனப்படும் இரைச்சல் குறைப்பு மதிப்பு அச்சிடப்பட வேண்டும் என்ற விதியை அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979-இல் கொண்டுவந்தது. இன்றைய நுரை அடைப்பான்களில் இது 33 வரையும், காதுமூடிகளில் ஏறத்தாழ 31 வரையும் உள்ளது. ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர். என்ற மதிப்பும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் எஸ்.எல்.சி.80 என்ற மதிப்பும் வழங்குகின்றன. ஒரே கருவிக்கு எஸ்.என்.ஆர். எண் பெரும்பாலும் என்.ஆர்.ஆர். எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இணையத்தில் வாங்கும்போது ஒரு பெட்டியில் உள்ள ஒரு வகை எண்ணை இன்னொரு பெட்டியில் உள்ள வேறு வகை எண்ணோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

என்.ஆர்.ஆர். ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் அணிவித்து அளக்கப்படுவது. நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இதைக் கணக்கில் கொண்டு நியோஷ் காதுமூடியின் எண்ணிலிருந்து 25 விழுக்காட்டையும், நுரை அடைப்பானின் எண்ணிலிருந்து 50 விழுக்காட்டையும், பிற அடைப்பான்களின் எண்ணிலிருந்து 70 விழுக்காட்டையும் கழித்து மதிப்பிடும் முறையை 1998-இல் முன்வைத்தது. இரண்டையும் சேர்த்து அணிந்தால் இரு எண்களையும் கூட்டக் கூடாது. மிகுதியானதுடன் 5 டெசிபெல் மட்டும் கூட்டிக்கொள்வதே வழக்கமான கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. 160 டெசிபெல் எழுப்பும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை, என்.ஆர்.ஆர். 22 உள்ள மெல்லிய காதுமூடி மட்டும் அணிந்து ஒருவர் சுடுகிறார். எண்ணை அப்படியே கழித்தால் 138; வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். 25 விழுக்காட்டைக் குறைத்துக் கணக்கிட்டால் காப்பு 16.5 மட்டுமே. காதை அடைவது 143.5 டெசிபெல், வரம்பு கடந்துவிட்டது. இதே மூடியின் அடியில் என்.ஆர்.ஆர். 32 உள்ள நுரையைச் சுமாராக அணிந்தால்கூட அதன் பங்கு 16. இரண்டில் மிகுதியான 16.5-உடன் 5 சேர்ந்து 21.5 ஆகிறது, காதை அடைவது 138.5. நுரையை முறைப்படி அணிந்து அச்சிட்ட மதிப்பை முழுதும் பெற்றால் காப்பு 37, காதை அடைவது 123 டெசிபெல். ஒரே இரண்டு பொருள்கள். அணியும் விதத்தில் மட்டும் 15 டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு. 31 என்பதை விட்டு 33 என்று எழுதிய பெட்டியைத் தேடி அலைவதைவிட, கையிலிருப்பதை ஒழுங்காக உருட்டிச் செருகக் கற்பது பயனுள்ளது.

இந்தக் கணக்கும் தோராயமானதே. என்.ஆர்.ஆர். தொடர் இரைச்சலைக் கொண்டு அளக்கப்படுவது. வெடி போன்ற துடிப்பொலிக்கு ஒரு கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. 132, 150, 168 டெசிபெல் அளவுகளை ஒட்டிய துடிப்பொலிகளைக் கொண்டு சோதிக்கும் தரமுறை அமெரிக்காவில் 2010-இல் வெளியானது. எனினும் பெட்டியில் அந்த எண்ணை அச்சிடுவது கட்டாயமாகவில்லை.

எத்தனை அடுக்கு அணிந்தாலும் காப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஏறத்தாழ 40 முதல் 50 டெசிபெல்லுக்கு மேல் காதுத் துளையை அடைத்துப் பயனில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவே ஒலி உட்காதை அடைந்துவிடுகிறது.

காம்பாட் ஆர்ம்ஸ் வழக்கு

காப்புக் கருவி சரியாகப் பொருந்தாமல் போவதால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு, 3எம் நிறுவனத்தின் காம்பாட் ஆர்ம்ஸ் என்ற இருமுனைக் காதடைப்பான் பற்றிய வழக்கு. 2003 முதல் 2015 வரை அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட இதன் ஒரு முனை எல்லா ஒலியையும் தடுக்கும். மறுமுனை நுண்துளை வழியே பேச்சை அனுமதித்து வெடியோசையை மட்டும் தணிக்கும். துளை வழியே மெல்ல ஓடும் காற்று, அழுத்தம் திடீரெனக் கூடும்போது சுழிப்புற்றுத் தடைபடுவதே இதன் இயக்கம். கருத்து நல்லதுதான். அடைப்பானின் தண்டு குட்டையாக இருந்ததால் சிலரது காதில் அணிபவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது என்பதும், தயாரிப்பாளருக்கு இது முன்பே தெரியும் என்பதும் குற்றச்சாட்டு. 2018-இல் அமெரிக்க அரசுக்கு 91 இலட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. முன்னாள் படையினர் தொடுத்த ஏராளமான வழக்குகளை முடிக்க 2023-இல் ஏறத்தாழ 600 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. இரு முறையும் அது தவற்றை ஏற்கவில்லை.

இவ்வகை நுண்துளை அடைப்பான்கள் இன்றும் பல பெயர்களில் விற்பனையில் உள்ளன. திறந்தவெளியில் எப்போதாவது ஓரிரு முறை சுடும் வேட்டைக்காரருக்கு அவை பொருந்தலாம். எதிரொலியும் பக்கத்துத் தடங்களும் உள்ள உள்ளரங்கில் அவற்றை மட்டும் நம்புவது போதாது.

போட்டிகளும் காற்றுத் துப்பாக்கியும்

இந்தியாவில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் முதலில் பழகுவது பெரும்பாலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியாகும். இது உள்ளரங்க விளையாட்டே என்றாலும், வெடிமருந்து இல்லாததால் ஓசை 140 டெசிபெல்லுக்கு வெகு கீழே நிற்கிறது. இங்கு அணியப்படும் காதடைப்பான் பெரும்பாலும் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்கே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகேச், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டபடி சுட்டார் என்று அவரது படம் உலகெங்கும் பரவியது. பெரிய காதுமூடி அவர் அணியவில்லை என்பது உண்மை. காதுக்குள் சிறிய அடைப்பான் இருந்தது. படத்தைப் பகிர்ந்தோர் பலர் அதைக் கவனிக்கவில்லை.

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள், சுடும் கோட்டருகே உள்ள அனைவரும் செவிக்காப்பு அணியுமாறு வலியுறுத்துகின்றன. ஒலி வாங்கும் கருவி பொருந்திய காப்புகளைப் போட்டியாளர் அணிய அனுமதியில்லை. எனவே போட்டியை நோக்கிப் பயில்பவர் மின்னணு மூடியில் பழகிவிட்டுப் பிறகு மாறுவதைவிட, தொடக்கத்திலிருந்தே மின்னணுவற்ற காப்பில் பயில்வது நல்லது. பாயிண்ட் 22 வகைக்கு மாறும்போது, காற்றுத் துப்பாக்கியில் இருந்த அலட்சியத்தையும் உடன் கொண்டுசெல்வது மாணவரிடையே எளிதில் நேரக்கூடிய பிழை.

ஒலிதணிப்பான் பொருத்திய துப்பாக்கிகள் சில நாடுகளில் அனுமதிக்கப்படுகின்றன. அவை ஓசையை ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். திரைப்படங்களில் வருவதுபோல் மெல்லிய சீறலாக அது ஆகிவிடுவதில்லை. உள்ளரங்கில் செவிக்காப்பு அப்போதும் வேண்டும்.

சிறுவர், கருவுற்றோர், தளப் பணியாளர்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு இரைச்சல் வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு 140 டெசிபெல் உச்ச அளவைக் குறிக்கும்போது சிறுவர்களுக்கு 120 என்று குறிக்கிறது. மேலே காட்டிய கணக்குப்படி 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி முழங்கும் உள்ளரங்கில், முறையான இரட்டைக் காப்புடன்கூட இந்த அளவுக்குக் கீழே வருவது கடினம். சிறுவர்களின் காதுத் துளை குறுகலானது என்பதால் பெரியவர்களின் நுரை அடைப்பான் அவர்களுக்குச் சரியாகச் சேராது. தலைவளையம் பெரிதாக இருந்தால் மூடியும் வழுக்கி இறங்கும். சிறுவர் அளவுக் காப்பு இல்லாத தளத்துக்கு, வேடிக்கை பார்க்க என்றுகூட, பிள்ளைகளை அழைத்துச் செல்லாதிருப்பதே முறை.

கருவுற்ற பெண் தன் காதைக் காத்துக்கொள்ளலாம். வயிற்றிலுள்ள சிசுவின் காதைக் காதுமூடி காக்காது. ஈயத் தூசியும் சிசுவுக்குத் தீங்கானது. இவ்விரு காரணங்களாலும் கருவுற்ற காலத்தில் உள்ளரங்கச் சுடுதளங்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

சுடுவோர் ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுகின்றனர். தள அலுவலரும் பயிற்றுநரும் நாள் முழுவதும் உள்ளே நிற்கின்றனர். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வெடிகளைக் கேட்க நேரும் அவர்களுக்கு இரட்டைக் காப்புடன் ஆண்டுதோறும் செவித்திறன் பரிசோதனையும் தேவை. தொடக்கத்திலேயே ஒருமுறை பரிசோதித்து வைத்திருந்தால்தான் பின்னாளில் ஏற்படும் மாற்றத்தை ஒப்பிட முடியும். பதவியில் சேரும் நாளில் இதைச் செய்யாமல் விட்டவர், பத்தாண்டுக்குப் பின் காது மந்தமானது பணியாலா வயதாலா என்பதை நிறுவ இயலாமல் இழப்பீடு கோரத் தடுமாற நேரிடும்.

பராமரிப்பு

நுரை அடைப்பான்கள் ஒருமுறை பயன்பாட்டுக்கு உரியவை. அழுக்கேறி விரியும் தன்மை குறைந்ததும் எறிந்துவிட வேண்டும். காதுமூடியின் மெத்தை வியர்வையாலும் வெப்பத்தாலும் கெட்டியாகி வெடிக்கும். நாள்தோறும் பயன்படுத்தினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பல நிறுவனங்கள் மெத்தையை மட்டும் தனியாக விற்கின்றன. மூடியைக் கழுத்தில் மாட்டி விரித்தே வைத்திருப்பதும், பைக்குள் அமுக்கி வைப்பதும் தலைவளையத்தின் இறுக்கத்தைத் தளர்த்தும். வாடகை மூடி என்றால் அணியும் முன் மெத்தையில் விரிசல் இருக்கிறதா, வளையம் இறுகப் பிடிக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வேறு கேட்டு வாங்க வேண்டும்.

சுட்டபின் காதில் இரைச்சல் கேட்டாலோ அடைத்தாற்போல் இருந்தாலோ அன்று அணிந்த காப்பு போதவில்லை என்று பொருள். ஒரு காதில் திடீரெனக் கேட்காமல் போனால், தானே சரியாகும் என்று காத்திராமல் ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். இத்தகைய நிலையில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் நாள் கடந்து தொடங்கினால் பலனளிக்கும் வாய்ப்பு குறைகிறது.